கப்டனின் விரதமும் அலாஸ்காக் காகமும்

எனக்கு எழுத வராது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. அதுக்குப் பிறகு நான் எழுதினதெல்லாம் கடைச் சாமான் துண்டும், பிறந்தநாள் கார்ட்டில் என் பெயரும்தான். ஞாபகமும் முந்தி மாதிரி இல்லை. காலையில் குளிசை போட்டேனா என்று மகளைக் கேட்டால்தான் எனக்குத் தெரியும். ஆக்களுக்கு முன்னால் வாய் திறக்கவும் கூச்சம். சங்கத்துப் பஜனையில்கூட வாயை மட்டும் அசைக்கிறவள் நான். அதனால் இதில் முன்னது பின்னாலும் பின்னது முன்னாலும் வந்தால் பொறுத்துக்கொள்ள வேணும்.

எழுத வைத்தது எங்கள் முதியோர் சங்கத்து ஆக்கள்தான். வாற கோடைக்கு எல்லாரும் சேர்ந்து அலாஸ்காவுக்குக் கப்பல் சுற்றுலா போகப்போகினம். பெரிய கப்பல். உள்ளுக்குள்ளேயே நீச்சல் குளமும் தியேட்டரும் இருக்குதாம். நான் அந்தக் கரையில் ஒரு கப்பல் குசினியில் வேலை செய்தவள் என்று எப்படியோ வெளியில் வந்துவிட்டது. அன்று தொடக்கம் வெக்ஸ்போர்டில் பஸ்ஸுக்கு நின்றாலும் கேள்விதான். "அக்கா, அங்க சோறு குடுப்பாங்களோ?" "அன்ரி, கரடி கப்பலுக்குள்ள வருமோ?" சங்கத்து ஆண்டு மலர்ப் புத்தகம் பார்க்கிற தர்சினிப் பிள்ளை, "அன்ரி, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாச் சொல்லாமல் ஒருக்கா எழுதித் தாங்கோவன், மலரில போட்டுவிடுறன்" என்றாள்.

கரடி கப்பலுக்குள் வராது. வந்தது வேறொன்று. அதைத்தான் எழுதப்போகிறேன்.

ஸ்காபரோவில் ஒரு ரேக் அவுட் கடையில் கனகாலம் இடியப்பமும் சொதியும் செய்துகொண்டிருந்தேன். மாரி காலத்தில் மட்டும் ஒருத்தர் வருவார். உயரமான ஆள், குளிரில் காது மட்டும் சிவந்திருக்கும். ஒருநாள் கவுண்டருக்கு மேலால் எட்டிப் பார்த்து, "சொதி வைக்கிறது ஆர்?" என்று கேட்டார். குறை சொல்லத்தான் கேட்கிறார் என்று நினைத்து நான் மா வாளிக்குப் பின்னால் குந்திவிட்டேன். முதலாளி கையை நீட்டிக் காட்டிக்கொடுத்தார்.

"அக்கா, எழும்புங்கோ. குறை சொல்ல வரேல்லை. கப்பலுக்கு வாறியளோ?"

"எந்தக் கப்பலுக்கு?"

"என்ர கப்பலுக்கு."

அவர் பெயர் சிவநேசன். வடமராட்சிக் கரைப் பிள்ளை. சின்ன வயதில் சரக்குக் கப்பலில் ஏறினவர், கனடாவுக்கு வந்து பீட்சா கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டே படித்து, சோதினை எழுதி, மேற்குக் கரையில் ஒரு சின்னச் சுற்றுலாக் கப்பலில் கப்டனுக்கு அடுத்த ஆளாய் இருந்தார். குடும்பம் யூனியன்வில்லில். கப்பல் குசினியில் உதவிக்கு நின்ற ஆள் வேலையை விட்டுவிட்டதாம். வெள்ளைக்காரருக்கு உருளைக்கிழங்கு உரிக்கவும் சட்டி கழுவவும் ஆள் வேணும், அதோடு தனக்குக் கிழமைக்கு ஒருநாளாவது வாய்க்கு ருசியாய் ஒரு கறி வேணும். இதுதான் உண்மையான காரணம்.

மகள் குதித்தாள். "அம்மா, ஆர் யூ சீரியஸ்? சென்ரர் ஐலண்ட் போற பெறிப் படகிலயே சத்தி எடுத்தனீங்கள்!"

"அது பெறியால இல்லைப் பிள்ளை, நீ வாங்கித் தந்த ஹொட் டோக்கால" என்று சொன்னேன். என்ர வீட்டுக்காரர் காலமாகி வீடு வெறிச்சென்று இருந்த காலம். நான் போய்விட்டேன்.

கப்பலுக்கு ஏற முதல் பயிற்சி ஒன்று உண்டு. சிவப்பு றப்பர் உடுப்பு ஒன்றைத் தலையிலிருந்து கால்வரை மாட்டிவிட்டு நீச்சல் குளத்துக்குள் குதிக்கச் சொல்லுவார்கள். நான் சீலை கட்டிப் பழகின உடம்பு. அதுக்குள் நுழைந்து வரவே பாதி நேரம் போய்விட்டது. குதிக்கச் சொன்னார்கள், நான் நின்றேன். இன்னொருக்கால் சொன்னார்கள், இன்னும் நின்றேன். பிறகு எனக்குப் பின்னால் நின்ற பிலிப்பைன்ஸ்காரர் வழுக்கி என்மேல் விழ, இரண்டுபேரும் ஒன்றாய்த் தண்ணிக்குள். இரண்டுபேரும் பாஸ். அந்த ஆள்தான் றோமி, கப்பலின் தலைமைச் சமையல்காரர். அவரும் வருசத்துக்கு ஒருக்கால் அந்தப் பயிற்சிக்கு வரவேணும். வழுக்கினாரா தள்ளினாரா என்று இன்னும் சொல்லவில்லை.

இனிக் கப்டனைப் பற்றி. நான் ஏறின அந்த வருசம்தான் பழைய கப்டன் வருத்தம் வந்து ஆஸ்பத்திரியில் படுக்க, சிவநேசனைக் கப்டனாக்கினார்கள். ஆக்கினார்கள் என்றாலும் அரைகுறைதான். "இந்த ஒரு சீசன் ஓட்டிக் காட்டும், பிறகு பாப்பம்" என்று கொம்பனிப் பெரியவர் சொல்லியிருந்தார். அதாவது, வைகாசியிலிருந்து புரட்டாதிவரைக்கும் ஒரு முறைப்பாடு வந்தாலும் பழையபடி இரண்டாவது ஆள். அவ்வளவு காலம் பாடுபட்டவருக்கு அது எவ்வளவு பெரிய விசயம் என்று கப்பலில் எல்லாருக்கும் தெரியும். அதனால் நாங்கள் எல்லாரும் மூச்சையே மெதுவாய்த்தான் விட்டோம்.

அவர் ஒருநாளும் சத்தம் போட மாட்டார். கோபம் வந்தால் மரியாதை கூடும். சாதாரணமாய் என்னை "அக்கா, நீங்கள்" என்பார். கோபம் என்றால் "தாங்கள்." ஒருநாள் நான் குப்பை வாளி மூடியைக் கொளுவாமல் விட்டுவிட்டேன். கப்டன் வந்து பார்த்துவிட்டு, "தாங்கள் தயவுசெய்து இந்த மூடியைப் பூட்டினால் பெரிய உதவியாக இருக்கும்" என்றார். எனக்குக் காய்ச்சல் வந்துவிட்டது.

மூடிக்கு அவ்வளவு பெரிய கதை ஏன் என்றால், அந்தக் கரையில் பனிமலை கடலுக்குள் வந்து முடிகிற இடமெல்லாம் அரசாங்கத்துப் பூங்கா. அங்கே கப்பலில் இருந்து ஒரு முட்டைக் கோதுகூடத் தண்ணிக்குள் விழக்கூடாது. மிச்சச் சாப்பாடு எல்லாம் கொளுக்கி போட்ட வாளிக்குள் போட்டு, குளிர் அறைக்குள் வைத்து, துறைமுகத்தில்தான் இறக்க வேணும். பறவைக்கோ மிருகத்துக்கோ ஒரு பருக்கை கொடுத்தாலும் குற்றம். கொடுக்காமல், அது வந்து எடுக்கிற மாதிரி வைத்தாலும் அதே குற்றம்தான். அந்தப் பூங்காவுக்குள் போகிற நாளில் றேஞ்சர் என்று ஒரு காவல் அதிகாரி சின்னப் படகில் வந்து கப்பலில் ஏறுவார். பின்னேரம்வரை கூடவே நின்று பயணிகளுக்கு விளக்கமும் சொல்லுவார், எங்களையும் பார்ப்பார். எங்களுக்கு வாறவ நான்சி என்ற ஒரு அம்மா. தட்டைத் தொப்பி, நீட்டுச் சப்பாத்து, சிரிக்கிற முகம். ஆனால் கண் மட்டும் சிரிக்காது. அது எப்பவும் எதையோ எண்ணிக்கொண்டிருக்கும்.

கப்டன் கப்பலைப் பனிமலைக்குக் கிட்டக் கொண்டுபோகிறதைப் பார்க்க வேணும். கடல் முழுக்க உடைந்த பனிக்கட்டி மிதக்கும். சிலது கதிரை அளவு, சிலது வீட்டளவு. நாங்கள் நடக்கிறதைவிட மெதுவாய்க் கப்பல் போகும். கப்டன் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்பார். கட்டி உரசினால் கையில் தெரியுமாம். வாய்க்குள் "மெதுவா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். கப்பலுக்குச் சொல்கிறாரா பனிக்கட்டிக்குச் சொல்கிறாரா என்று எனக்கு விளங்கவில்லை. ஒரு கட்டியில் கடல்நாய் படுத்திருந்தால் சுற்றிப் போவார். மலைக்கு முன்னால் போனதும் இயந்திரத்தை அடக்கிவிட்டு, முதலில் ஒரு பக்கத்து ஆக்களுக்கும் பிறகு மற்றப் பக்கத்து ஆக்களுக்கும் தெரிகிற மாதிரிக் கப்பலை ஒரு முழுச் சுற்றுச் சுற்றுவார், கோயிலில் சாமியைத் திருப்பிக் காட்டுகிற மாதிரி. அந்த நேரம் ஒரு சத்தமும் கூடாது. பனி வெடிக்கிற ஓசையைக் கேட்கத்தான் சனம் காசு கொடுத்து வந்திருக்குது. அதனால் குசினியில் சட்டிக்கு அடியில் துணி போட்டுத்தான் வைப்போம்.

மிருகம் தெரிந்தால் ஒலிபெருக்கியில் சொல்லுவார். "இரண்டு மணிக்குத் திமிங்கிலம்" என்று ஒருநாள் சொன்னார். நான் கெதியாய் வேலையை முடித்து, சுவெற்றர் போட்டு, இரண்டு மணிக்குச் சரியாய் மேல்தட்டில் போய் நின்றேன். ஒன்றையும் காணவில்லை. கப்பலின் மூக்கைப் பன்னிரண்டு மணி என்று வைத்து, கடிகாரத்து முள்ளுப் போல் திசை சொல்கிற முறையாம் அது. றோமி சிரித்துச் சிரித்து வெங்காயம் வெட்டாமலே அழுதார்.

இப்படியே ஆனி முடிந்தது, ஆடி வந்தது, ஆடி அமாவாசையும் வந்தது.

எங்கள் ஆக்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தகப்பன் இல்லாதவர்கள் அன்றைக்கு விரதம். சமைத்துப் படைத்து, காகத்துக்கு வைத்து, அது எடுத்த பிறகுதான் சாப்பாடு. ரொறன்ரோவில் நாங்கள் படுகிற பாடும் தெரியும்தானே. பல்கனியில் சோற்றை வைத்துவிட்டு "கா, கா" என்று கூப்பிட்டால் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்ப்பார், காகத்துக்குப் பதிலாய் அணில் வரும். அணில் தின்றாலும் பரவாயில்லை என்று கண்ணை மூடிக்கொண்டு நாங்களும் சாப்பிட்டுவிடுவோம்.

கப்டனின் முதல் திட்டப்படி அன்றைக்குக் கப்பல் ஒரு துறைமுகத்தில் நிற்க வேணும். மீன்பிடித் துறைமுகம், காகத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் அந்தக் கிழமை சரியான காற்று. ஒருநாள் பிந்திவிட்டோம். கணக்குப் பார்த்தால் அமாவாசை அன்றைக்கு நாங்கள் பூங்காவுக்குள், பனிமலைக்கு முன்னால், நான்சியோடு.

காலையில் கப்டனுக்குத் தேத்தண்ணி கொண்டு போனேன். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டுக் கப்பல் போனில் ஸ்காபரோக் கோயில் ஐயரோடு கதைத்துக்கொண்டிருந்தார். ஐயரின் குரல் எனக்கும் கேட்டது. ஐயர் போனில் கதைத்தால் பக்கத்துக் கப்பலுக்கும் கேட்கும்.

"காகம் இல்லாட்டில் பசுவுக்குக் குடுக்கலாமே."

"பசு இல்லை ஐயா, கடலில நிக்கிறம்."

"அப்ப நல்லதாப் போச்சு, மீனுக்குப் போடும்."

"தண்ணிக்குள்ள ஒரு பருக்கை விழுந்தாலும் வழக்கு ஐயா."

"அப்ப அங்க என்னதான் இருக்கு?"

"திமிங்கிலம் இருக்கு. கடல்நாய் இருக்கு. கரையில கரடி நிக்கும்."

ஐயர் பஞ்சாங்கத்தைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, "கரடி சாத்திரத்தில இல்லை" என்றார். "மனசால நினைச்சுப் படைச்சுப்போட்டுச் சாப்பிடும், குற்றமில்லை."

போனை வைத்துவிட்டுக் கப்டன் என்னைப் பார்த்தார்.

"ஐயரே சொல்லிப்போட்டார் தம்பி, பிறகென்ன?" என்றேன். தனியாய் இருந்தால் தம்பி என்றுதான் எனக்கு வாயில் வரும்.

"இல்லை அக்கா. மற்ற ஆக்களுக்குத் தகப்பன்ர திதி எண்டு ஒரு நாள் இருக்கு. எங்கட அப்பா தொழிலுக்கெண்டு கடலுக்குப் போனவர். எண்டைக்கு முடிஞ்சவர் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. எனக்கு வருசத்தில இந்த ஒரு நாள்தான். இவ்வளவு வருசத்தில ஒருக்காலும் காகம் எடுக்காமல் நான் கைவைச்சதில்லை."

"அப்ப பின்பக்கத் தட்டில ஒரு கோப்பையில வைச்சுப் பாப்பமோ? அந்த அம்மா முன்னுக்குத்தானே நிப்பா."

"வேண்டாம். வெளியில ஒரு பருக்கையும் போகக்கூடாது. சட்டம் எனக்கும் சேர்த்துத்தான்." தொப்பியைச் சரிபண்ணினார். "நீங்கள் சமையுங்கோ. படைச்சு வையுங்கோ. காகம் இல்லையெண்டால் இண்டைக்குச் சாப்பாடும் இல்லை. ஒருநாள் சாப்பிடாட்டில் ஆள் சாகமாட்டுது."

பனிக்கட்டிக்குள் கப்பல் ஓட்டுகிற ஆள் பசியோடு நிற்கிறது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் சமைத்தேன். இறைச்சி படாத புதுச் சட்டி ஒன்றைப் பெட்டிக்குள் ஒளித்து வைத்திருந்தேன். பருப்பு, பூசணிக்காய்க் கறி, கத்தரிக்காய்ப் பால்கறி, றோமி தனக்கென்று வைத்திருந்த வாழைக்காயில் ஒரு பொரியல், பாயாசம், உழுந்து வடை. அந்த விரதத்துக்கென்றே சமைக்கிற காத்தோட்டிக்காயும் ஸ்காபரோக் கடையில் வாங்கிக் கொண்டுவந்து குளிர்ப்பெட்டிக்குள் வைத்திருந்தேன். றோமி அதில் ஒன்றை வாய்க்குள் போட்டுவிட்டு என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. "உங்கட சாமி உங்களோட கோபமோ?" என்று கேட்டார். அவ்வளவு கைச்சல், வேப்பங்காயே தோற்கும்.

மத்தியானம் போய்விட்டது. பனிமலைக்கு முன்னால் வந்துவிட்டோம். நீல நிறம், கோயில் கோபுரம் மாதிரிப் பத்துக் கோபுர உயரம். சனம் எல்லாம் முன்தட்டில் மூச்சுக்காட்டாமல் நிற்குது. மேலே கப்டனுக்குத் தண்ணி கொண்டுபோனேன். உள்ளங்கை கண்ணாடியில் இருந்தது, ஆனால் விரல் நடுங்கியது. நான்சி பக்கத்தில் நின்று அந்த விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தா. "கப்டனுக்குச் சுகமில்லையோ?" என்று அவ கேட்க, "நோ, நோ, பைன்" என்றார் அவர். எனக்குத் தெரியும், கப்டனுக்குச் சுகமில்லை என்று அந்த அம்மா ஒரு வார்த்தை கரைக்குச் சொன்னால், சீசனும் முடிந்தது, கப்டன் வேலையும் முடிந்தது.

குசினிக்குத் திரும்பி வந்து கடைசி வடைகளைத் தாச்சியில் போட்டேன். புகை கிளம்பியது. புகைக்கு மணி அடிக்கிற கருவி ஒன்று மேலே இருக்குது. பனிமலைக்கு முன்னால் அது அடித்தால் எல்லாரையும் உயிர்காப்புச் சட்டையோடு வரிசையில் நிறுத்த வேணும். அதனால் பின்தட்டுக் கதவு கொஞ்சம் திறபட்டது. திறந்தது நானா றோமியா என்பதில் எங்கள் இரண்டுபேருக்கும் இன்றைக்கும் வழக்கு. நான் வாழையிலை மாதிரி வெட்டின பச்சைக் கடதாசியில் எல்லாவற்றையும் படைத்துக் கதவடி மேசையில் வைத்துவிட்டு, கையைக் கழுவத் திரும்பினேன்.

திரும்பிப் பார்க்கிறேன், படியில் காகம் நிற்குது.

எங்கள் காகம் இல்லை. அந்தக் கரையில் இருக்கிறது கோழி அளவு. கழுத்தில் தாடி மாதிரிச் சிலிர்த்த மயிர், கறுப்பென்றால் எண்ணெய் பூசின கறுப்பு. பயணிகளின் பையில் சிப்பை அலகால் இழுத்துத் திறந்து பிஸ்கற் எடுக்கிற சாதி. அது பறக்கவில்லை. கலியாண வீட்டுக்குப் பிந்தி வந்த மாமனார் மாதிரி நடந்து உள்ளே வந்தது. என்னைப் பார்த்தது. றோமியைப் பார்த்தது. மேசையில் ஏறி ஒரு வடையை எடுத்தது.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கலைத்தால், ஒரு பிள்ளை தகப்பனுக்கு வைத்த சோற்றைக் கலைத்த பாவம். விட்டால் கப்டனின் வேலை போகும். நான் என்ன செய்தேன் என்றால், கையைக் கூப்பிக்கொண்டு, "வாங்கோ, வாங்கோ" என்று சொன்னேன். வாயில் வந்தது அதுதான். றோமியும் பயத்தில் சிலுவை போட்டார். போட்டுவிட்டு, வெளியில் ஆரும் பார்க்கக்கூடாது என்று கதவை இழுத்துச் சாத்திவிட்டார்.

இப்ப காகம் உள்ளே. காட்டுப் பறவைக்குச் சாப்பாடு கொடுத்தது ஒரு குற்றம் என்றால், பிடித்து அடைத்து வைத்தது அடுத்த குற்றம்.

சுவரில் இருந்த போனை எடுத்து மேலே அடித்தேன்.

"கப்டன், காகம் வந்திட்டுது."

"எங்க?"

"குசினிக்குள்ள."



"என்ன செய்யுது?"

"சாப்பிடுது."

சரி, இனித் "தாங்கள்" வரப்போகுது என்று கண்ணை மூடிக்கொண்டேன். ஆனால் வந்தது அந்தக் குரல் இல்லை. சின்னப் பிள்ளை கேட்கிற மாதிரி, மெதுவாய்,

"வடிவாச் சாப்பிடுதோ அக்கா?"

"ஓம் தம்பி. ரெண்டாவது வடை. சோத்தையும் கிளறிப் பாக்குது. காத்தோட்டிக்காயை மட்டும் தள்ளி வைச்சிட்டுது."

"அப்பாவுக்கும் அது பிடிக்காது" என்றார்.

பக்கத்தில் நான்சி என்னவோ கேட்கிறது போனில் கேட்டது. நாங்கள் கதைத்தது முழுக்கத் தமிழ். "வீட்டு விசயம்" என்று சொல்லியிருந்தால் கதை அதோடு முடிந்தது. "சொல்லாதே தம்பி, சொல்லாதே" என்று நான் போனுக்குள் சொன்னேன். ஆள் அதுக்குள் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டார். "என்ர குசினிக்குள் ஒரு காகம் இருக்குது, என்ர தகப்பனுக்கு வைத்த சாப்பாட்டைச் சாப்பிடுது, சமைக்கச் சொன்னது நான், பொறுப்பும் நான்தான்" என்று இங்கிலிஷில் ஒன்றுவிடாமல் ஒப்புவிக்கிறார். அந்த அளவு இங்கிலிஷ் எனக்கு விளங்கும். போனை வைத்துவிட்டு றோமியைப் பார்த்து, "முடிஞ்சுது" என்றேன். அவர் பயத்தில் ஒரு வடையை எடுத்துத் தின்றார்.

நான்சி வந்தா. உள்பக்கக் கதவை ஒரு விரல் அளவு திறந்து பார்த்துவிட்டு மெல்ல நுழைந்தா. காகம் அப்ப மிளகாய்த்தூள் போத்தல்கள் வைக்கிற மேல்தட்டில் ஏறி, மூடிகளைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. டக், டக் என்று. வெளியில் அறுபது சனம் பனியின் ஓசையைக் கேட்கக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்குது.

"ஒருத்தரும் ஓடக்கூடாது. அந்த மின்விசிறியை நிற்பாட்டுங்கோ. லைற்றை அணையுங்கோ. பின்கதவை முழுக்கத் திறந்துவிட்டு விலகி நில்லுங்கோ. வெளிச்சத்துக்கு அது தானாய்ப் போகும்" என்று நான்சி மெதுவாய்ச் சொன்னா.

நாங்கள் மூன்றுபேரும் இருட்டுக்குள் அலுமாரியோடு ஒட்டிக்கொண்டு நின்றோம். காகத்துக்கு அவசரமில்லை. பாயாசத்தை ஒருக்கால் பார்த்தது. அந்த நேரம்தான் வெளியில் பெரிய இடி மாதிரி ஒரு சத்தம். பனிமலையின் ஒரு பக்கம் அப்படியே கழன்று கடலுக்குள் விழுந்துவிட்டது. சனம் ஓவென்று கத்துது. உடனே அலை வரும், கப்பலின் மூக்கை அலைக்கு நேரே திருப்ப வேணும், இல்லாவிட்டால் பக்கவாட்டில் அடித்துச் சாய்க்கும். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாத ஆள் மேலே நிற்கிறார். நான் அலுமாரிக் கைபிடியைப் பிடித்துக்கொண்டு முருகனைக் கூப்பிட்டேன். கப்பல் மெல்லத் திரும்பியது. மூக்கு எழும்பியது, இறங்கியது, இன்னொருக்கால் எழும்பியது. அவ்வளவுதான். குசினியில் ஒரு கரண்டிகூட விழவில்லை. பாயாசம் மட்டும் ஒரு அலை நான்சியின் சப்பாத்துக்குமேல் போனது.

காகத்துக்கு அந்த ஆட்டம் பிடிக்கவில்லைப் போல. இறங்கி, மூன்றாவது வடையை வாயில் கவ்விக்கொண்டு, நான்சியின் சப்பாத்துக்குப் பக்கத்தால் நடந்து, படியில் நின்று திரும்பி ஒருக்கால் பார்த்துவிட்டுப் பறந்துபோனது.

பனிக்கட்டியை விட்டு வெளியில் வந்த பிறகுதான் கப்டன் கீழே வந்தார். கையைக் கழுவினார். நான் புதுக் கோப்பையில் சோறு போட்டேன். நான்சி முன்னால் கதிரையை இழுத்து இருந்தா. அவர் சாப்பிடும்வரை ஒன்றும் கேட்கவில்லை. முடிந்த பிறகு சொன்னா: "கப்டன், நான் இதை மேலிடத்துக்குச் சொல்லத்தான் வேணும். காகம் உள்ளே வந்ததையும் சொல்லுவன், கதவு திறந்திருந்ததையும் சொல்லுவன்."

"ஓம், சொல்ல வேணும்."

"நீங்கள் கேட்காமலே சொன்னதையும் சொல்லுவன்." பிறகு கோப்பையைக் காட்டி, "உதில என்ன கறுப்பாய் இருக்கு?" என்றா. காத்தோட்டிக்காய் ஒன்று கொடுத்தேன். வாய்க்குள் போட்டவ, கண் இரண்டும் தண்ணியாகி, மரியாதைக்காக விழுங்கினா. அன்றைக்குத்தான் அவவின் கண்ணும் சிரித்ததைப் பார்த்தேன். அது சிரிப்பில்லை, கைச்சலால் வந்தது என்று றோமி சொல்லுவார்.

பிறகு புரட்டாதிவரைக்கும் நாங்கள் தூக்குக்குக் காத்திருக்கிற ஆக்கள் மாதிரித்தான் இருந்தோம். கொம்பனியிலிருந்து ஒரு சத்தமுமில்லை. கடைசிப் பயணம் முடிந்து துறைமுகத்துக்கு வந்தால், கொம்பனிப் பெரியவரே கரையில் நிற்கிறார். மேலே போகவில்லை, நேரே குசினிக்கு வந்தார். பின்தட்டுக் கதவைத் திறந்து சாத்தினார், இன்னொருக்காலும் திறந்து சாத்தினார். கப்டன் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். நான் உருளைக்கிழங்கு மூட்டைக்குப் பின்னால்.

"அந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியாது. நீர் சொல்லாமல் விட்டிருந்தால் ஒருத்தருக்கும் தெரியவந்திருக்காது. ஏன் சொன்னீர்?" என்று கேட்டார்.

கப்டன் யோசிக்கவேயில்லை. "கப்பலில் ஆர் ஆர் ஏறியிருக்கினம் என்று பூங்கா அதிகாரி கேட்டால், கப்டன் சொல்லத்தானே வேணும், சேர்" என்றார்.

பெரியவர் அவரை நல்லாய்ப் பார்த்தார். பிறகு, "வாற வருசமும் நீர்தான் கப்டன். உமக்கு அந்த நாள் என்றைக்கு என்று மாரிக்குள்ளேயே சொல்லிவிடும். அன்றைக்குக் கப்பலைத் துறைமுகத்தில் விடுவம். இந்தக் கதவுக்கு ஸ்பிரிங் போடச் சொல்லுகிறேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஸ்பிரிங் போட்டார்கள். நான் வேலையை விட்டு நிற்கும்வரை அந்தக் கதவு என் குதிக்காலில் அடித்துக்கொண்டேயிருந்தது.

கப்டன் தொப்பியைத் திரும்பப் போட்டார். போட்டது பின்பக்கம் முன்னுக்கு. ஒருத்தரும் அவருக்குச் சொல்லவில்லை.

அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. அந்தப் பனிமலையின் பெயர் மறந்துவிட்டது. காற்று எத்தனை நாள் அடித்தது, நான்சியின் சப்பாத்து என்ன நிறம் என்றதெல்லாம் பிழையாய் இருக்கலாம். கப்டன் இப்ப வேலையால் நின்று யூனியன்வில்லில் வீட்டோடு இருக்கிறார். தர்சினிப் பிள்ளை ஒருக்கால் அவரிடம் போய் இதை வாசித்துக் காட்டிச் சரிபார்த்தால் நல்லது. கப்பல் ஓடின விசயத்தில் அவர் சொல்லுகிறதைப் போடுங்கோ. வடை மூன்று என்பதில் மட்டும் நான் சொல்லுகிறதுதான் சரி.

இன்னொன்றும் இருக்குது. அந்தப் பெரிய பறவை எங்கள் காகத்தின் சாதிதானா, இல்லை வேறு ஏதாவதா என்று எனக்குக் கனநாளாய் ஒரு சந்தேகம். சங்கத்து ஆக்களின் பிள்ளைகளில் பறவை படித்த ஆரும் இருந்தால் பார்த்துச் சொல்ல வேணும். காகம் இல்லையென்று வந்தால் அதை எனக்கு மட்டும் சொல்லுங்கோ. கப்டனுக்குச் சொல்ல வேண்டாம். அவர் அன்றைக்குச் சாப்பிட்டுவிட்டார்.